முப்பத்தாறு இன்ச் இடுப்பு

குப்புசாமியின் பனியன் கம்பெனியில் மேனேஜராக உயர்கிறவர்கள் தங்கள் இடுப்பை ஸ்டோரில் ஒப்படைத்துவிட வேண்டும். நாற்காலியில் உட்காருகிறவனுக்கு இடுப்பு எதற்கு, இருந்தால் வலிக்கத்தான் செய்யும் என்பது முதலாளியின் கருத்து. சட்டையை உள்ளே விட்டு பெல்ட்டை இறுக்கிக்கொண்டால் மேல்பாதி அது பாட்டுக்குக் கால்கள்மேல் உட்கார்ந்திருக்கும்.

திருமூர்த்தியும் அப்படி மேனேஜரானவர்தான். அடுத்தது ஜெனரல் மேனேஜர் பதவி. அந்த நினைப்பில்தான் அவருக்குத் தினமும் சோறு இறங்கியது. இந்த நேரம் பார்த்து முதலாளி ஹவாய்க்குப் போய்வந்தார். உள்ளூர் வள்ளிக்கும்மி ஆட்டத்தை ஒருநாளும் நின்று பார்க்காத மனுஷருக்கு, விமானத்தைவிட்டு இறங்கியதும் கலை பொங்கிவிட்டது. தன் அறுபதாம் கல்யாணத்தில் மேனேஜர்கள் அங்கே பார்த்த மாதிரி இடுப்பசைய ஹூலா நடனம் ஆட வேண்டும், முடிவில் தன்னைக் குனிந்து கும்பிட வேண்டும், நன்றாகச் செய்கிறவருக்கே பதவி என்றார். அதற்காக இடுப்புகளைத் திருப்பிக் கொடுக்கவும் உத்தரவானது.

ஸ்டோர்கீப்பர் பழனாத்தாள் திருமூர்த்தியை டேப்பால் அளந்து, ஓர் அட்டைப்பெட்டியைத் தள்ளினாள்.

"இது என்னுதுதானா அம்மிணி?"

"உங்களுது போன சீசன்லயே சரக்கோட ஜெர்மனி போயிருச்சுங்க. இது நிட்டிங் சின்னராசுது. சைஸ் ஒண்ணுதானுங்க, முப்பத்தாறு."

நிட்டிங் மிஷின் ஓட்டிய சின்னராசு, முதலாளிக்குக் குனியமாட்டேன் என்று சொல்லி வேலையை இழந்தவன். வெளியே அனுப்பும்போது அவன் இடுப்பைக் கம்பெனி பிடித்துவைத்துக்கொண்டது. பனியன் தொழிலில் சைஸ்தான் பார்ப்பார்கள், ஆளைப் பார்ப்பதில்லை. திருமூர்த்தியும் பார்க்கவில்லை.

ஹூலா சொல்லித்தர வரவழைத்த ரெஜினா டீச்சர் பாக்கிங் ஹாலில் வகுப்பெடுத்தார். கட்டிங் வேஸ்ட் துணியைக் கீறித் தொங்கவிட்டுப் பாவாடை தைத்திருந்தார்கள்.

"இடுப்பை ஆட்டாதீங்க சார். முட்டியை மடக்கி, ரெண்டடி வலது, ரெண்டடி இடது. இடுப்பு தானா வரும். கதையைக் கைதான் சொல்லணும்."

அலை, நிலா, தென்னை என்று எதைச் சொல்லப் போனாலும் மற்ற மேனேஜர்களின் கைகள் "சரிங்க மொதலாளி" என்றே சொல்லின. திருமூர்த்தியின் இடுப்போ குளத்துத் தண்ணீர் மாதிரி அசைந்தது. டீச்சர் மெச்சினார். திருமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை.

கீழே விழுந்த பேனாவை எடுக்கப் போனபோதுதான் அந்த இடுப்பு குனியாது என்று தெரிந்தது. எண்ணெய் தடவிப் பார்த்தார். "ஒரே ஒரு தடவை குனி சாமி, எம் பொழப்பே இதுலதான் இருக்குது" என்று கெஞ்சினார். இடுப்பு மசியவில்லை.

கல்யாண மண்டபத்தில் முதலாளியும் அவர் மனைவியும் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்க, ஆட்டம் நடந்தது. திருமூர்த்தியை அடித்துக்கொள்ள ஆளில்லை. முடிந்ததும் எல்லாரும் குனிந்தார்கள். அவர் மட்டும் விறைப்பாக நின்றார்.

"என்னப்பா, குனியலையா?" என்றார் முதலாளி.

"நான் குனியறேனுங்க. இடுப்புதான் மாட்டேங்குதுங்க."

முதலாளி நியாயஸ்தர். ஒருவர் தப்புக்கு இன்னொருவரைத் தண்டிக்கமாட்டார். இடுப்பை மட்டும் அங்கேயே டிஸ்மிஸ் செய்தார். அது பாவாடையோடு கழன்று இறங்கி, அசைந்து அசைந்து பந்தி நடுவே வெளியேறியது. சாம்பார் வாளியோடு வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஆட்டம் நன்றாக இருந்ததால், திருமூர்த்தியின் மேல்பாதியை ஜெனரல் மேனேஜர் ஆக்கினார்கள். அந்த மேஜைக்குக் கீழே என்ன இருக்கிறதென்று யாரும் பார்ப்பதில்லை. சரக்கு அனுப்பும் டிஸ்பாட்சில் ஆள் பற்றாக்குறை என்பதால் கால்களை அங்கே போட்டார்கள்.

திருமூர்த்தி இப்போது டிராலியில் ரவுண்ட்ஸ் வருகிறார். அவர் வரும்போது டிஸ்பாட்சில் கால்கள் இரண்டும் எழுந்து நிற்கும். நேற்று இடதுகால் கொஞ்சம் தாமதமாக எழுந்தது. அதற்கு மெமோ கொடுத்திருக்கிறார்.