கூடுதலாய் வந்த தட்டுகள்

திரௌபதி காலில் அந்தப் பழுப்பு பூட்ஸைப் பார்க்கும்போதெல்லாம் கயல்விழிக்கு வயிறு எரிந்தது. இருவருக்கும் ஒரே அளவு கால். செருப்பை மாற்றி மாற்றிப் போட்டு வளர்ந்தவர்கள். பூட்ஸை மட்டும் மாற்ற முடியாது.

ஏரி காக்கும் இளைஞர் பணி என்று புதிதாக ஒரு திட்டம் வந்திருந்தது. ஏரியில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரையில் பனைவிதை ஊன்றவேண்டும். இருபத்தைந்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. சம்பளம் மாதாமாதம் நேராக பேங்குக்கு வந்துவிடும். தொப்பி, பூட்ஸ் இலவசம். நிபந்தனைகளும் இருந்தன. பிஎஃப் பிடிக்கப்படுகிறவர்கள் சேர முடியாது. சேர்ந்தவர்கள் வேறு கூலிவேலைக்குப் போகக் கூடாது. போனால் பேரை எடுத்துவிடுவார்கள்.

இருவரும் ஒன்றாகத்தான் மனுப் போட்டார்கள். ஒரே தெரு, ஒரே பீங்கான் பொம்மைக் கம்பெனி. சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மைகளை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துத் தட்டில் அடுக்குகிற வேலை. கயல்விழி போன வருஷம்தான் முதலாளியிடம் மல்லுக்கட்டி பிஎஃப் வாங்கியிருந்தாள். போனில் வந்த மெசேஜைத் திரௌபதி மூக்குக்கு நேரே நீட்டி, “நீ இன்னும் பீஸ் ரேட்டுலயே கெட” என்று சிரித்தவள். அந்த பிஎஃப்தான் இப்போது அவளை வெளியே நிறுத்திவிட்டது. பீஸ் ரேட்டுக்காரி உள்ளே போய்விட்டாள்.

போகட்டும் என்று கயல்விழி விட்டிருப்பாள். ஆனால் ஒரு நாள் விடியற்காலை அவள் தண்ணீர் பிடிக்கப் போனபோது, கம்பெனி கேட்டைத் தாண்டி, களிமண் காய்ந்த வெள்ளைக் கையோடு வெளியே வந்தாள் திரௌபதி. ஏரிக்குப் போகுமுன் இங்கே நாலு தட்டு முடித்துவிட்டுப் போகிறாள். இரண்டு சம்பளம். கயல்விழி அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டியதாயிற்று. முதலாளி கொஞ்ச நாளாகவே கூடுதல் தட்டுகளை அவள் முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். கேட்டால், பாத்து முடிச்சிக் குடும்மா என்றார். நகக்கண்ணெல்லாம் வெடித்துவிட்டது. அங்கே திரௌபதி தொப்பி போட்டுக்கொண்டு மர நிழலில் நிற்கிறாள் என்று நினைக்க நினைக்கத் தாங்கவில்லை. லீவு போட்டுவிட்டு, ஏரிப் பக்கம் போகும் கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் ஏறினாள்.

ஏரிக்கரையில் சூப்பர்வைசர் ராஜ்மோகனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சட்டென்று நம்பவில்லை. திரௌபதியைக் கூப்பிட்டு விட்டார். அவள் அரிவாளோடு வந்தாள். கயல்விழியைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

“போனேன் சார். சேந்த புதுசுல ஒரு வாரம். ரூலு தெரிஞ்சதும் நின்னுட்டேன்.”

“நின்னதுக்கு யாரு சாட்சி?”

திரௌபதி கயல்விழி பக்கம் திரும்பினாள். “இவதான் சார். நான் நின்னதுலேர்ந்து என் தட்டுங்க இவளுக்குத்தான் போவுது. கேட்டுப் பாருங்க.”

ராஜ்மோகன் பார்த்தார். கயல்விழி திரௌபதியின் கையைப் பார்த்தாள். முள் கிழித்த கோடுகள், கறுத்த பிசின். வெள்ளை எங்கேயும் இல்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பூட்ஸ் கழன்றுவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் தன் கையை முந்தானைக்குள் மறைத்திருக்கவில்லை. வெடித்த நகக்கண்களில் களிமண் வெள்ளையாய்க் காய்ந்து கிடந்தது. அதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா சார்” என்றாள். “எனக்குத்தான் வருது.”

பேர் நிலைத்தது. ராஜ்மோகன் வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். திரௌபதி திட்டவில்லை. கரை முனை வரைக்கும் கூடவே வந்தாள்.

“இதுக்கா இம்மாந் தூரம் பஸ்ஸேறி வந்த? போன் அடிச்சிருந்தா நானே சொல்லியிருப்பனே டீ.”

திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது கயல்விழிக்கு. கரையிலிருந்து இறங்கி நடந்தாள். ரோடு வரைக்கும் ஈர மண்ணில் பூட்ஸ் தடம் பதிந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு தடத்தில் காலை வைத்துப் பார்த்தாள்.

தைத்த மாதிரி பொருந்தியது.