நாற்பத்து நாலு பேருக்கான காற்று

1996 ஜூன் மாதத்திலிருந்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே சிப்பிக்குப்பத்தில் ரத்னாவின் வீட்டு முன்னறை ஆட்கள் உள்ளே வர வரப் பெரிதாகிக்கொண்டிருந்தது. சுவரில் விரிசல் இல்லை, ஓடு நகரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அதே பன்னிரண்டடிக்குப் பத்தடி அறைதான். பக்கத்து வீட்டுக்கும் அதற்கும் இடையில் ஒரு முழச் சந்து இருந்தது. அது ஒரு முழமாகவே இருந்தது.

அந்த அறையில் அதுவரை ஐஸ் பெட்டிகளும் வலைகளும் கிடந்தன. ரத்னா மீன் வியாபாரி. முந்தின வருஷ மழையில், பள்ளிக்கூடத்துக்கு உப்பங்கழியைத் தாண்டிப்போன படகு கவிழ்ந்து, பதினோரு பிள்ளைகளைத் தலைமுடியைப் பிடித்துத்தான் கரையேற்றினார்கள். அதில் ஒருத்தி ரத்னாவின் மகள் தேவிப்பிரியா. அன்றைக்கே ரத்னா சொல்லிவிட்டாள், “இனிமே எம்பொண்ணு அந்தப் படகுல கால் வைக்க மாட்டா. இஸ்கூலு இங்க வரட்டும்.” வலைகளை எங்கே வைப்பது என்று புருஷன் தேசப்பன் கேட்டான். “உன் தலையில வையி” என்றாள். அவளிடம் வஞ்சிரம் வாங்க வரும் கல்பாக்கம் டவுன்ஷிப் வைஷாலி, டீச்சருக்குப் படித்துவிட்டு வீட்டில் இருந்தவள். அவளே பாடம் சொல்லித்தர வந்தாள்.

முதல் வாரம் பன்னிரண்டு பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இருபது பேரானபோது நெருக்கம் குறைந்திருந்தது. நாற்பத்திரண்டு பேரானபோது கடைசி வரிசைக்குக் கேட்க வைஷாலி குரலை உயர்த்த வேண்டியிருந்தது. பிள்ளைகள் இருக்கையில் பெருக்கினால் இடுப்பு ஒடிகிறது என்று அவர்கள் போனபின்தான் ரத்னா பெருக்கினாள்.

பள்ளிக்கு அனுமதி கேட்டு மனுப் போட்டதும் செங்கல்பட்டிலிருந்து அருணகிரி என்ற அதிகாரி வந்தார். வந்தது ஞாயிற்றுக்கிழமை. நீளம் பன்னிரண்டு, அகலம் பத்து, உயரம் ஒன்பது. பெருக்கினால் ஆயிரத்து எண்பது கன அடி. தலைக்குத் தொண்ணூறு கன அடி காற்று வேண்டும் என்பது விதி. “பன்னெண்டு பேர்தாம்மா. மத்த பசங்க படகுலதான் போவணும்” என்று சொல்லி, அப்படியே எழுதிவிட்டுப் போய்விட்டார்.

ரத்னா அந்த அலுவலகத்துக்கு ஒன்பது முறை பஸ் ஏறினாள். ஒன்பதாவது முறை மேஜைக்கு எதிரே சப்பணம் போட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். “காலி ரூம அளந்துட்டு வந்துட்ட சார். படகு எத்தினி பேரத் தாங்கும்னு கரையில வெச்சா பாப்பாங்க? ஆள ஏத்தி, தண்ணில எறக்கித்தான் பாப்பாங்க. பசங்க இருக்கசொல்லோ வந்து அள.”

அவள் எழுந்திருக்கிற மாதிரித் தெரியவில்லை. அடுத்த புதன்கிழமை அருணகிரி வந்தார். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள், வைஷாலி கரும்பலகை அருகே நின்றாள். குப்பமே வாசலில் கூடியிருந்தது. டேப்பின் ஒரு முனையைத் தேவிப்பிரியா பிடித்துக்கொண்டாள். நீளம் இருபத்திரண்டு. அகலம் இருபது. உயரம் மட்டும் அதே ஒன்பது. அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார், மாறவில்லை. வெளியே தேசப்பன் வலைக்கயிற்றால் சுவரை அளந்து, “பன்னெண்டுக்குப் பத்துதான் சார்” என்று சந்திலிருந்து கத்தினான்.

அருணகிரி நோட்டில் பெருக்கினார். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. தொண்ணூறால் வகுத்தால் நாற்பத்து நாலு. மீதமில்லை. பேனாவை நிறுத்தினார். “பிள்ளைங்க நாப்பத்திரெண்டு, டீச்சர் ஒண்ணு. ஒரு ஆள் இடிக்குதே?”

வாசற்படிக்கு வெளியே நின்ற ரத்னா சொன்னாள்: “நீயும்தான் உள்ள கீற சார்.”

அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். இருபது வருஷமாக அறைகளை அளந்தவர், எந்த அறையும் தன்னைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு பார்த்ததில்லை. படிவத்தில் ‘கனஅளவு’ என்ற இடத்தில் ‘வருகையைப் பொறுத்து’ என்று எழுதி, முத்திரை குத்தினார். குப்பத்தில் பட்டாசு வெடித்தது. தேவிப்பிரியா டேப்பை விடாமல் ஆடினாள்.

2001இல் பள்ளியில் நூற்றுப்பத்துப் பேர். கழிப் படகை விறகாக்கிவிட்டார்கள். மறைமலைநகரிலிருந்தும் படூரிலிருந்தும் இன்ஜினியர்கள் வந்து அளந்தார்கள், தலையைச் சொறிந்தார்கள், மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

2008 தை மாதம் தேவிப்பிரியாவின் கல்யாணம் அந்த அறையிலேயே நடந்தது. அவள் அப்போது அதே பள்ளியில் கணக்கு டீச்சர். செங்கல்பட்டிலிருந்து வந்த சமையல்காரர் வாசலில் நின்று எட்டிப்பார்த்து, “இதுல எத்தினி பேரும்மா ஒக்கார முடியும்?” என்று கேட்டார்.

“வர்றவங்க ஒக்காருவாங்க” என்றாள் ரத்னா. “நீ ஆயிரம் பேருக்கு ஒலைய வையி.”