தனி வாசிப்பின் பாதியில்

எங்கள் பேண்டில் என் வீட்டுக்காரருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். ட்யூபா என்கிற பெரிய பித்தளைக் குழலை மடியில் ஏற்றிக்கொண்டு ஊதத் தொடங்கினால் இமைகள் பாதிக்கு இறங்கிவிடும். கன்னம் மட்டும் வேலை செய்யும், முகம் லீவில் போய்விடும். பார்க்கிறவர்களுக்கு மனிதர் கச்சேரி நடுவே குறட்டை விடுகிறார் என்றே தோன்றும். பஸ் ஓட்டிப் பிழைக்கிறவருக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் இருந்தால் மானம் போகாதா? அவர் அதற்கும் சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நான் ட்ரம்பெட். பகலெல்லாம் மருந்துக்கடையில் நிற்பது வயிற்றுக்கு, இது எனக்கு. கோடை விடுமுறை வந்தால் பூங்கா மேடையில் எங்கள் கச்சேரி உண்டு. அதில் ட்ரம்பெட்டுக்கு ஒரு நீண்ட தனி வாசிப்பு வரும். வருடா வருடம் அது பக்கத்து நாற்காலித் தபால்காரருக்கே போகும். நல்ல மனிதர், நன்றாகவும் வாசிப்பார், அதுதான் எரிச்சல். இந்த வருடம் என்ன நினைத்தாரோ, பேண்டு மாஸ்டர் அதை எனக்குக் கொடுத்தார். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். என் வீட்டுக்காரர் பாத்திரமெல்லாம் கழுவி வைத்தார். அப்புறம் தினமும் டியூட்டி முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், என் வாசிப்புக்கு அடியில் வரும் கட்டைச் சுரங்களை மட்டும் ஊதித் தருவார். அவர் தரை போட்டுக் கொடுத்தார், நான் அதன் மேல் நடந்து பழகினேன்.

கச்சேரியன்று வெயில் மண்டையைப் பிளந்தது. மேடைக்கு அரைக் கூரைதான். எங்கள் பக்கம் நிழல், ட்யூபா உட்காரும் வலது கோடியில் முழு வெயில். போதாக்குறைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிக் கோட்டு. கோட்டைக் கழற்றினால் அது பேண்டு இல்லையாம், ஹோட்டல் சர்வர் கூட்டமாம். மாஸ்டரின் சட்டம் அது. அவர் மட்டும் கூரைக்குக் கீழே நிற்பார்.

மேடை ஏறுமுன் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

"வேண்டாம்மா. அப்புறம் நடுவுல எழுந்து போகணும். இந்த யானைக்குட்டியை யார் மடியில விட்டுட்டுப் போறது?"

"காலையிலயும் குடிக்கல. விடியக்காலையிலேருந்து பஸ் ஓட்டிட்டு நேரா வந்திருக்கீங்க. என் தலையிலதான் நான் அடிச்சுக்கணும்."

"நீ உன் வாசிப்பை மட்டும் நினைச்சுக்க," என்று சொல்லிவிட்டு வெயிலுக்குப் போனார்.

பித்தளை சூடேறினால் சுருதி மேலே ஏறும். பாட்டுக்குப் பாட்டு குழாயை வெளியே இழுத்து இழுத்துச் சுருதியை இறக்கிக்கொண்டிருந்தோம். உதட்டில் வைக்கிற முனை, அடுப்பில் கிடந்த கரண்டி மாதிரி சுட்டது. எல்லோர் மூக்கு நுனியிலிருந்தும் வேர்வை சொட்டியது. கூட்டம் புல்தரையில் குடையும் ஐஸ்கிரீமுமாக ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

என் முறை வந்தது, எழுந்து நின்றேன். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது, இன்றைக்கு எனக்கு வாய்த்திருக்கிறது என்று. விரல் நினைப்பதற்கு முன்னால் சுரம் வந்தது. குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை.

பாதியில், எனக்கு அடியில் வந்துகொண்டிருந்த ட்யூபாச் சத்தம் போய்விட்டது. இருட்டில் இறங்கும்போது கால் வைத்த இடத்தில் படி இல்லாமல் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மாஸ்டர் வலது கோடியைப் பார்த்து முறைத்தார். தூங்குமூஞ்சி கணக்கை விட்டுவிட்டான் என்று நினைத்திருப்பார். என் வீட்டுக்காரர் ஆயிரம் மறப்பார். வாங்கி வரச் சொன்னதை மறப்பார், கல்யாண நாளை மறப்பார். என் வாசிப்புக்கு அடியில் ஒரு சுரம்கூட மறக்கமாட்டார். ஊதிக்கொண்டே தலையைத் திருப்பினேன்.

எப்போதும்போலத்தான் உட்கார்ந்திருந்தார். அதே பாதி மூடிய கண். ட்யூபா, மடிப் பாரத்தைக் குறைக்க அடியில் வைக்கும் தாங்கியில் நின்று, அவரையும் நாற்காலியோடு சேர்த்து அணைத்துப் பிடித்திருந்தது. உதடு மட்டும் முனையை விட்டு விலகித் திறந்திருந்தது. சுற்றி எல்லோரும் குளித்தவர்கள் மாதிரி நனைந்திருக்க, வெயிலில் இருந்த அவர் முகத்தில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. உலர்ந்து செக்கச்செவேல் என்று இருந்தது. அது வெயில் அடித்துச் சாய்த்த அடையாளம் என்று மருந்துக்கடைக்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ட்ரம்பெட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். அடுத்து நடந்ததை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. மாஸ்டரின் இடது கை தபால்காரரைக் காட்டியது. அவர் எழுந்து, நான் விட்ட இடத்திலிருந்து ஊதினார். நான் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடியதை ஏதோ வேடிக்கை என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

"நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்கய்யா!" என்று கத்தினேன். அத்தனை பித்தளைக்கு நடுவே என் தொண்டை எம்மாத்திரம்? எனக்கே கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் கழுத்தைத் தொட்டேன். இஸ்திரிப்பெட்டியைத் தொட்டதுபோல் கை தானாகப் பின்னால் வந்தது. ட்ரோம்போன் வாசிக்கும் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர்தான் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். இருவருமாக ட்யூபாவைத் தூக்கினோம். தூக்கியதும் என் வீட்டுக்காரர் என் தோளில் சரிந்தார். அதுவரை அவரை உட்காரவைத்திருந்தது அந்த ட்யூபாதான். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாரோ!

மேடைக்குப் பின்னால் இருந்த முதலுதவிக் கூடாரத்துக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். நர்ஸ் ஒரே வெட்டில் கோட்டைக் கத்தரித்தாள். யாரும் கூப்பிடாமலே ஐஸ்கிரீம்காரர் தன் பெட்டியோடு ஓடி வந்து, ஐஸை அப்படியே கவிழ்த்தார்.

"கழுத்துல வைங்க, கக்கத்துல வைங்க. பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க, தூங்க விடாதீங்க," என்றாள் நர்ஸ்.

வெளியே மைக்கில் மாஸ்டர் குரல் கேட்டது. "ஒரு சின்னத் தடங்கல். உங்களுக்காக அதே பாட்டை முதல்லேருந்து வாசிக்கிறோம்."

சின்னத் தடங்கல்! ஐஸ் கட்டியை எடுத்துக்கொண்டு போய் அவர் மண்டையில் எறியலாமா என்று வந்தது. அதற்குள் தபால்காரர் என் முதல் வரியைத் தொடங்கிவிட்டார்.

என் வீட்டுக்காரர் உதடு அசைந்தது.

"என்னங்க! நான் பேசறது கேக்குதா? என்னைப் பாருங்க!"

"ஷ்ஷ்... கேக்குதும்மா. கொஞ்சம் பேசாம இருங்க. என் பொண்டாட்டி வாசிக்கிறா."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அப்படி 'இருங்க' என்று அந்நியமாகப் பேசியதில்லை.

"நான்தாங்க அது! இங்கதான் இருக்கேன்! அங்க வாசிக்கிறது தபால்காரர்!"

பஸ்ஸில் தப்பான டிக்கெட்டோடு ஏறிவிட்டவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பொறுமையாகப் பார்த்தார். நர்ஸ் என் கையை அழுத்தினாள்.

"சூடு தலைக்கேறினா இப்படித்தான். சண்டை போடாதீங்க. அவர் போக்குலயே பேசுங்க."

வேறு யாரோ கேட்பதுபோல் கேட்டேன். "உங்க வீட்டம்மா நல்லா வாசிப்பாங்களா?"

"நாங்க எல்லாம் ஊதுறோம். அவ ஒருத்திதான் வாசிக்கிறா."

இத்தனை வருடத்தில் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. பாவி மனுஷன், யாரோ ஒருத்தியிடம் சொல்கிறார்.

"ஆள் எப்படி?"

"வாய் கொஞ்சம் நீளம்." நர்ஸ் சிரித்துவிட்டாள். வெளியே உச்சியில் தபால்காரருக்கு ஒரு சுரம் நழுவியது. இவர் புருவம் சுருங்கியது. "பரவாயில்ல, பரவாயில்ல. முதல் தடவை, பயப்படறா. எடுத்துடுவா."

நான் ஐஸை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசிப்பைக் கேட்டேன், கேட்டுக்கொண்டே அவரைப் பேசவும் வைத்தேன். நர்ஸ் மறுபடி சூடு பார்த்தாள். "இறங்குது. தாங்கிட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போனதும் தெளிவாயிடுவாரு," என்றாள். ஆம்புலன்ஸ் புல்தரையில் ஏறி வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரில் அவரைத் தூக்கிப் படுக்கவைத்தபோது வாசிப்பு முடிந்து கைதட்டல் எழுந்தது. எழுந்தது, ஓயவே இல்லை. இவரும் தட்டப் பார்த்தார், கைகள் ஒன்றோடொன்று சேரவில்லை.

என் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார்.

"அம்மா, ஒரு உதவி."

"சொல்லுங்க."

"இப்ப இறங்கி வருவா. நான் பாதியில நிறுத்திட்டேன், அவ கவனிக்கல. நீங்க சொல்லிடாதீங்க. இந்த நாளுக்காக ரொம்பக் காத்துக்கிட்டிருந்தா."

"சொல்லமாட்டேன்," என்றேன்.