ஸ்டீன்பேக்கெயில் வலது பக்கத் திருப்பம்

கில்பெர்ட்டின் பன்றிப் பண்ணைக்குள் நூற்றைம்பது சைக்கிள் வீரர்களைக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் அவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

எங்கள் ஊர் ஸ்டீன்பேக்கெயின் சைக்கிள் பந்தயத்தில் முன்னோடிக் காரை ஓட்டுவது என் வேலை. சம்பளம் கிடையாது. கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை, பன்றிக்கறி வைத்த ஒரு ரொட்டி, வருடத்தில் ஒரு நாள் ஊரே என்னைப் பார்க்கிறது என்ற நினைப்பு, அவ்வளவுதான். கார் கூரையில் சிவப்புக் கொடி. பின்னால் மொத்தப் பந்தயம். மாதா சிற்றாலயத்துக்கு முன்னால் சாலை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் தூக்குமேட்டு ஏற்றம்: பிள்ளைத்தலைகள் என்று நாங்கள் சொல்லும் உருண்டைக் கற்கள் பாவிய, பெரிய பெரிய வீரர்களெல்லாம் அம்மாவைக் கூப்பிட்ட சாலை. வலது பக்கம் போனால் கில்பெர்ட்டின் பண்ணை. புதன்கிழமை தவறாமல் நான் அங்கேதான் பன்றிக்கறி வாங்கப் போவேன்.

பந்தயமும் புதன்கிழமைதான்.

போன வருடம் மார்ச்சில், சிற்றாலயத்தருகே நின்ற மச்சினிக்குக் கை காட்டிக்கொண்டே ஸ்டியரிங்கை வளைத்தேன். கை அதன் புதன்கிழமை வழக்கப்படி வலது பக்கம் வளைத்துவிட்டது. பின்னால் வந்தவர்களில் பாதிப் பேர் இந்த வட்டாரத்துப் பையன்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் தூக்குமேட்டில் ஏறுவார்கள். ஆனாலும் ஒருவன்கூட இடது பக்கம் போகவில்லை. முன்னோடிக் கார் போகும் வழிதான் வழி; அதைப் பாலோடு சேர்த்துக் குடித்தவர்கள் நாங்கள். ஹெலிகாப்டரிலிருந்து டிவிக்காரர்கள் எடுத்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முற்றம் முழுக்கப் பல நிறச் சட்டைகள் சுழல்கின்றன, நடுவில் ஒரு தாய்ப்பன்றி மகாராணி மாதிரி நிற்கிறது. யாருக்கும் அடிபடவில்லை. ஒரு இத்தாலியர் மட்டும் சாணத்தில் உட்கார்ந்து, எந்த மொழிக்காரனுக்கும் புரிகிற விதத்தில் என்னைத் திட்டினார்.

இரண்டு வாரத்தில் செய்தி வந்தது. அடுத்த வருடம் முதல் எங்கள் தேதி உஸ்பெகிஸ்தானுக்கு.

உலகச் சைக்கிள் நாட்காட்டியில் ஒரு தேதி என்பது கூட்டமான பஸ்ஸில் ஒரு சீட்டு மாதிரி. ஒருத்தர் எழுந்தால்தான் இன்னொருத்தர் உட்கார முடியும். எங்களை எழுப்பிவிட்டவன் பாவோ டாலமன். வெளியூர்க்காரன் என்றால் தாங்கிக்கொண்டிருப்பேன். எங்கள் ரொட்டிக் கடைக்காரர் மகன். அவனுடைய ஞானஸ்நானத்துக்குக் கொடுத்த சர்க்கரை பாதாமைத் தின்றவன் நான். கொஞ்ச காலம் சைக்கிள் ஓட்டினான், பிறகு பிரஸ்ஸல்ஸுக்குப் போய்க் கோட்டு போட்டுக்கொண்டான், பந்தயங்களை வாங்கி விற்கும் கம்பெனி வைத்தான், எங்களுடையதையும் வாங்கினான். இப்போது பத்திரிகையில் சொல்லியிருந்தான்: "சைக்கிளுக்குப் புதிய நாடுகள் தேவை. இடது எது, வலது எது என்று தெரியாத கிராமத்தை வைத்துக்கொண்டு உலகத்தை ஜெயிக்க முடியாது."

அன்றிலிருந்து இரண்டு விஷயங்கள் என்னைத் தின்றன. ஒன்று, பாவோவை என்ன செய்யலாம் என்பது. இன்னொன்று, அவன் சொன்னது உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்பது.

முதலாவதில் எனக்குக் கற்பனைக்குக் குறைவில்லை. குளிக்கும்போது அவனைக் கால்வாயில் தள்ளினேன். கேரட் நறுக்கும்போது வேறென்னவோ செய்தேன். கில்பெர்ட் என்னைவிடக் காரியக்காரன். புதிதாக வாங்கிய ஆண் பன்றிக்குப் பாவோ என்று பெயர் வைத்து, மறுநாளே காயடித்துவிட்டான்.

இரண்டாவதுக்குத்தான் ஊரில் யாரிடமும் பதில் இல்லை. கஃபே நடத்தும் மார்லீனிடம் கேட்டேன்.

"மார்லீன், மனசுல உள்ளதச் சொல்லு. நான் ஒழுங்கா இடது பக்கம் திரும்பியிருந்தா பந்தயம் நம்மகிட்டயே இருந்திருக்குமா?"

"இந்தா, பியர் குடி. இது கடை சார்பா."

மார்லீன் இலவசமாகப் பியர் ஊற்றினால் விஷயம் மோசம் என்று அர்த்தம். அவள் புருஷன் செத்த அன்றுதான் அதற்கு முன்பு ஊற்றினாள். பாதிரியாரிடம் போனேன். "ஆண்டவருடைய வழிகள் நமக்குப் புரியாது, ஓடீல்," என்றார். "அவருக்கு முன்னால கொடி கட்டின கார் எதுவும் போகல, ஃபாதர்," என்றேன். சிரித்துவிட்டு மணியடிக்கப் போய்விட்டார். வீட்டில் என் மனைவி கோடலீவ இருக்கிறாள். நாற்பது வருடமாக என் ஒவ்வொரு குறையையும் முகத்துக்கு நேரே சொல்லி வருபவள். அவளும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "உருளைக்கிழங்கு வெந்துருச்சு, உக்காரு," என்றாள். அவளே உண்மையைச் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்றால் பிறகு என்ன இருக்கிறது?

இந்த மார்ச்சில் அந்தப் புதன்கிழமை வந்தது. ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. ஆனாலும் மதியம் எல்லோரும் மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு தூக்குமேட்டு ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மழை தூறியது. நானும் கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன்; ஏன் என்று கேட்காதீர்கள். தபால் வண்டி ஒன்று திணறி ஏறியது. ஊரே எழுந்து நின்று கை தட்டியது. ஓட்டி வந்த பெண் பயந்து போய் வண்டியை நிறுத்தி, யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டாள்.

"ஆமா," என்றான் கில்பெர்ட்.

நாற்காலியை மடக்கும்போது அவன் என் பக்கம் திரும்பினான். "அவன் ஒருநாள் இந்தப் பக்கம் வருவான்டா. அப்ப நான் சாணத் தொட்டியக் கலக்கி வைப்பேன். நல்லாக் கலக்கி வைப்பேன்."

ஏப்ரலில் வந்தான். மார்லீனின் கஃபே கதவைத் திறந்து, கோட்டுத் தோளில் மழைத்துளியைத் தட்டிவிட்டு, சிரித்தபடி நேராக என்னிடம் வந்தான்.

"ஓடீல் மாமா! இன்னும் கார் ஓட்டுறீங்களா, இல்ல பன்னி மேய்க்கப் போயிட்டீங்களா?"

"ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லப்பா. பன்னி கொஞ்சம் சொன்ன பேச்சு கேக்கும்."

"அதான் மாமா நீங்க! சனிக்கிழமை எனக்கு விருந்தாளிங்க வர்றாங்க. ஜார்ஜியாலேருந்து ரெண்டு பேர், மங்கோலியாலேருந்து ஒருத்தர், அப்புறம் நம்ம உஸ்பெக்காரங்க. பந்தயம்னா எப்படி இருக்கணும்னு அசல் இடத்துல காட்டணும். கல்லு ஏற்றம், கஃபே, பொரிச்ச உருளைக்கிழங்கு, எல்லாம். நீங்க முன்னால பஸ் ஓட்டுங்க. கொடியும் கட்டிக்கலாம். எல்லாரும் அந்த வீடியோவப் பாத்துட்டாங்க, உங்களப் பாக்கணும்னு ஒரே துடிப்பு."

காட்சிக்குக் கரடி தேவைப்பட்டிருக்கிறது, அதற்கு நான். மார்லீன் கையிலிருந்த கண்ணாடிக் கோப்பையைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"நீ எங்க இருப்ப?" என்று கேட்டேன்.

"பின்னால என் கார்ல. பழைய சைக்கிள் கூட்டாளி ஒருத்தன் ஓட்டுவான், நான் கூரையத் திறந்து நின்னுக்கிட்டு. பந்தய இயக்குநர் அப்படித்தானே வரணும்?"

"ஆமா, அப்படித்தான் வரணும்," என்றேன். என் வாழ்க்கையில் ஒரு மனிதனிடம் அவ்வளவு மனதார ஒப்புக்கொண்டதில்லை.

அன்று மாலையே கில்பெர்ட்டின் முற்றத்தில் நின்றோம். வயலுக்குச் சாணக் குழம்பு அடிக்கும் தொட்டி வண்டியைக் குழந்தையைத் தடவுவது போலத் தடவினான்.

"பஸ்ஸ நேரா கொட்டகை வரைக்கும் கொண்டு போயிரு. அவன் கார் இங்க, கரெக்டா இங்க வந்து நிக்கும். நான் பிடிய இழுப்பேன்."

"பஸ்ல இருக்கிறவங்க மேல ஒரு துளி படக் கூடாதுடா. அவங்க விருந்தாளிங்க."

"கண்ணாடிய ஏத்தச் சொல்லு. ஆனா ஒரு சந்தேகம். அவன் இந்த ஊர்லயே பொறந்தவன். உன் பின்னால வருவானா?"

"கில்பெர்ட், அவனும் சைக்கிள் ஓட்டினவன்தான். கொடி கட்டின வண்டி திரும்பினா கூடத் திரும்பாத சைக்கிள்காரன் இந்த நாட்டுல இன்னும் பொறக்கல."

கில்பெர்ட் யோசித்துப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். "ரெண்டு நாள் கலக்கறேன்," என்றான்.

சனிக்கிழமை காலை கோடலீவ என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. "சாயந்திரம் நேரா வீட்டுக்குள்ள வராத. மொதல்ல கொல்லைப் பக்கம் வந்து பூட்ஸக் கழட்டு," என்று மட்டும் சொன்னாள்.

என் பக்கத்துச் சீட்டில் உஸ்பெகிஸ்தான்காரப் பெண் உட்கார்ந்தாள். பெயர் தில்ரோம். எங்கள் தேதியில் உட்கார்ந்துகொண்ட பந்தயத்தை நடத்துபவளே அவள்தான். பக்கத்துக் கெண்ட் நகரில் படித்தவள், எங்கள் மொழியை என் மருமகனைவிட நன்றாகப் பேசினாள். அவளை வெறுப்பதற்கு ஏகப்பட்ட ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். அவள் பையிலிருந்து சக்கரம் போன்ற ஒரு ரொட்டியை எடுத்து, பிய்த்து, முதல் துண்டை எனக்குக் கொடுத்தாள். சுட்ட ரொட்டியின் முன்னால் என் கொள்கைகள் நிற்பதில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். "மழையில இத்தனை பேர நிக்க வைக்க நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டோம். வீட்டுல டிவி முன்னாடி உக்காந்தா பொண்டாட்டி வேலை வைப்பா. அதுக்கு மழையே தேவலைன்னு வந்துருவோம்."

அவள் சிரிக்கவில்லை. "எங்க பந்தயத்துல பள்ளிக்கூடப் பசங்களக் கொடி குடுத்து நிக்க வச்சோம். சைக்கிள் போனதும் டீச்சர் விசில் அடிச்சாங்க, பசங்க பஸ் ஏறிட்டாங்க. சாலை காலியாயிருச்சு. நீங்க தேதிய வாங்குங்க, கூட்டம் தானா வரும்னு பாவோ சொன்னாரு. தேதி வந்துச்சு."

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். கிரீம் நிறக் காரின் கூரைக்கு மேலே இடுப்பு வரை எழுந்து நின்று, காலியான சாலையோரங்களுக்குக் கை அசைத்துக்கொண்டு வந்தான் பாவோ. பஸ்ஸின் ஒலிபெருக்கியோடு அவனுடைய மைக்கை இணைத்திருந்தார்கள். "அன்பர்களே, முன்னால் தெரியும் சிற்றாலயத்தைப் பாருங்கள். உங்கள் ஓட்டுநரின் புகழ்பெற்ற தவறு நடந்த இடம்! மாமா, இந்தத் தடவை இடது, சரியா? ரொட்டி பிடிக்கிற கை இல்ல, இன்னொரு கை!"

ஜார்ஜியாக்காரர்கள் சிரித்தார்கள். மங்கோலியாக்காரர் மட்டும் பாவம், என் தோளைத் தட்டினார்.

அந்த நொடியில் நான் கொதித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பழைய கேள்விதான் திரும்ப வந்தது. அவன் சொல்வது சரியாக இருந்துவிட்டால்? நான் கை நழுவவிட்ட பந்தயத்தை அவன் குனிந்து பொறுக்கியது மட்டும்தான் என்றால்? அப்படியானால் இன்று சாணத்தில் குளிக்க வேண்டியவன் நான். நியாயமில்லாமல் பழிவாங்க எனக்குத் தெம்பில்லை. எத்தனையோ ஆசைகளில் இதுவும் ஒன்று, விட்டுவிட்டு இடது பக்கம் போய்விடலாம் என்று பட்டது.

"எல்லாரும் தயவுசெஞ்சு கண்ணாடிய ஏத்திக்குங்க," என்றேன், எதற்கும் இருக்கட்டும் என்று. "பண்ணை நாத்தம் கொஞ்சம் அடிக்கும்."

பின் சீட்டுகளில் கண்ணாடிகள் ஏறின. சிற்றாலயத்தின் முன் பஸ்ஸை நிறுத்தினேன். இடது பக்கம் கற்கள் மழையில் பளபளத்தன. வலது பக்கம், திறந்த வாசலுக்குள், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியும் கழுத்துப்பட்டையுமாகக் கில்பெர்ட் தொட்டியின் பிடியில் கை வைத்து நின்றான். பிரார்த்தனைக்கு வந்தவன் மாதிரி இருந்தான்.

"அந்தத் தொட்டி எதுக்கு அண்ணா?" என்று கேட்டாள் தில்ரோம்.

"விவசாயத்துக்கு."

அவள் தொட்டியைப் பார்த்தாள். கண்ணாடியில் பாவோவைப் பார்த்தாள். பிறகு கில்பெர்ட்டின் தொப்பியைப் பார்த்தாள். பின்னால் ஹாரன் அடித்தது.

"தில்ரோம், நானும் ஒண்ணு கேக்கணும்," என்றேன். "ஊரு முழுக்கக் கேட்டுட்டேன். பியர் குடுத்தாங்க, ஆண்டவரக் காட்டினாங்க, உருளைக்கிழங்கு வெந்துருச்சுன்னாங்க. அன்னிக்கு நான் இடது பக்கம் போயிருந்தா பந்தயம் எங்ககிட்டயே இருந்திருக்குமா?"

மறுபடி ஹாரன். "மாமா, இடது எதுன்னு மறந்துருச்சா?" என்றது ஒலிபெருக்கி.

அவள் மடியில் விழுந்திருந்த ரொட்டித் துகள்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் சேர்த்தாள். இவளும் ஏதோ சொல்லி மழுப்பப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இருந்திருக்காது, அண்ணா," என்றாள். "உங்க பன்னிக் கூத்துக்கு முந்தின அக்டோபர்லயே தாஷ்கண்ட்ல கையெழுத்தாயிருச்சு. அந்த மேஜைல தேநீர் ஊத்தினவளே நான்தான். ஊருக்கு என்ன காரணம் சொல்லுவீங்கன்னு எங்க தலைவர் கேட்டாரு. ஏதாவது ஒண்ணு கிடைக்கும்னு சொல்லிச் சிரிச்சாரு உங்க பாவோ." கையை நீட்டித் தன் பக்கத்துக் கண்ணாடியைக் கடைசி வரை ஏற்றினாள். "என்னோடதையும் மூடிட்டேன். நீங்க வலது பக்கமே திருப்புங்க."