பலாப்பால் ஒட்டிய காஷ்மீர்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

என் அலுவலக நண்பர் ஒருவர் கொடைக்கானல் போய்வந்து, வாரம் முழுக்கப் படம் காட்டினார். ஏரி, ஏரியில் படகு, படகில் அவர். கடைசியில், "உங்க பக்கம் பாக்கற மாதிரி எதுவும் இல்ல, இல்லியா?" என்று பரிதாபப்பட்டார். நான் கண்ணமங்கலத்துக்காரன். எங்கள் ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்கூடச் சும்மா தலையைத் திருப்பினால் மலை தெரியும். ரோஷம் வந்துவிட்டது. "எங்க மலையில சினிமாவே எடுத்திருக்காங்க" என்றேன். "எந்தப் படம்?" என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அந்தப் படம் வெளிவரவே இல்லை. ஆகவே கதையாவது வெளிவரட்டும்.

இதை எனக்குச் சொன்னவர் தசரதன். எழுபத்தொன்பதில் சினிமாக்காரர்களை ஜவ்வாது மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு ஏற்றிப்போன ஜீப்புகளில் ஒன்றை ஓட்டியவர். அவர் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கதை கொஞ்சம் வளர்ந்திருக்கும். நான் நடுத்தர உயரமுள்ள ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

2

எப்படித் தொடங்குவது?

"மரகதப் பட்டுடுத்திய மலையரசி, முகில்களை முந்தானையாக—"

வேண்டாம். மலைக்குச் சேலை கட்டிவிடும் வேலையை நிறையப் பேர் செய்தாகிவிட்டது.

"ஜவ்வாது மலையின் முக்கிய விளைபொருள்கள் சாமை, கேழ்வரகு, புளி, பலா மற்றும்—"

இது ஏழாம் வகுப்புப் புவியியல். 'மற்றும்' வந்தவுடனே எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

"முத்தம்மா பலாமரத்தடியைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது ஜீப்புகள் வந்தன."

இது நிற்கும்.

3

முத்தம்மா பலாமரத்தடியைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது ஜீப்புகள் வந்தன. கோடை மழை பெய்து ஓய்ந்த காலை. டைரக்டர் இறங்கி மேட்டின் விளிம்புக்குப் போனார். மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் நீலமாக இன்னொன்று, இடுக்குகளில் எல்லாம் பனிமூட்டம். அவர் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு சொன்னார்:

"அப்படியே காஷ்மீர்!"

முத்தம்மாவின் கணவன் சடையன் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு மலையாகக் கைநீட்டிப் பெயர் சொன்னான். எதில் தேன் அதிகம், எதன் உச்சியில் சாமி இருக்கிறது என்றெல்லாம் விளக்கினான். டைரக்டர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒரு பெயரும் காதில் ஏறவில்லை.

ஊரே சந்தோஷப்பட்டது. நம் மலை சினிமாவில் வரப்போகிறது! வந்தவர்களுக்குச் சாமைச் சோறு, புளிக்குழம்பு, தேன். பெண்களைப் பின்னணியில் பாடச் சொன்னார்கள். அவர்கள் விதைப்புப் பாட்டை எடுத்தார்கள். மலைகளின் பெயரை வரிசையாக அழைத்து மழை கேட்கும் பாட்டு. டைரக்டர் கையமர்த்தினார். "வார்த்தை வேணாம்மா. வெறும் லாலா போதும்."

லாலாவா? பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் முத்தம்மா தன் கொய்யா மரத்தைக் கவனித்தாள். அதில் ஒருவன் பிளாஸ்டிக் ஆப்பிள்களைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாத்துக்குப்பா இதக் கட்றே?"

"காஷ்மீர்னா ஆப்பிள் வேணுமில்லம்மா."

"இது புதூர்நாடு ஆச்சே."

"படத்துல காஷ்மீர்."

முத்தம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "காஷ்மீரப் பாத்துட்டு யாருனா, அப்படியே புதூர்நாடு மாதிரி கீதேன்னு சொல்லுவாங்களா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அடுத்து டைரக்டர் காமிராவுக்குள் கண்ணை வைத்தார். நடுவே பலாமரம். அடிமரத்திலிருந்து கிளைவரை காய்கள். "காஷ்மீர்ல ஏதுய்யா பலா? வெட்டிடுங்க."

"சரிங்க" என்றது ஒரு குரல். சடையனின் குரல்.

4

[இந்த இடத்தில் சடையனை வில்லனாக்கிவிடலாம் என்று நினைத்தேன். தசரதனும் அவனை 'மடையன்' என்றே சொல்வார். ஆனால் எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. படகோட்டி வேஷம் தருகிறோம் என்று அவன் தலையில் ஒரு காஷ்மீரத் தொப்பியை வைத்துவிட்டார்கள். தொப்பியைக் கழற்றாமலே திரிந்தான். நண்பரிடம் நான் ரோஷப்பட்டதும் அவன் தொப்பியும் ஒரே சரக்குதான். தன் மலையை நாலு பேர் பார்க்கவேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். பெயரோடு பார்க்கவேண்டும் என்று முத்தம்மா ஆசைப்பட்டாள். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசத்துக்கு நடுவில் ஒரு மரம் நின்றது.]

5

"நெசமாவா சொன்னே?" என்றாள் முத்தம்மா.

"வேற மரம் வெச்சிக்கலாம். சினிமா இன்னொரு தபா வருமா?"

"மழையே இல்லாத வருசம் நம்ம புள்ளைங்களுக்கு இதோட பழமும் கொட்டையுந்தான மாமா சோறு?"

சடையன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

கோடரி வந்துவிட்டது. முத்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு டைரக்டரிடம் போனாள். அவள் முகத்தில் இப்போது அப்படி ஒரு பணிவு.

"வெட்டுங்க சார். ஆனா பழம் கீற மரத்த அப்படியே சாய்க்கக் கூடாது. எல்லாரும் ஆளுக்கு நாலு சொளை சாப்ட்டுட்டு வெட்டுங்க."

டைரக்டருக்கு மனசு இளகியது. பழங்கள் இறங்கின. வாசனை மேடு முழுக்கப் பரவியது.

"உரிச்சுக் குடுத்துடுங்களேன்" என்றார் காமிராமேன். பட்டணத்தில் தட்டில் வைத்த சுளையைத் தவிர வேறு பார்த்திராதவர்.

"தன் கையால பொளந்து தின்னாத்தான் சார் ருசி" என்று கத்தியைக் கொடுத்தாள்.*

எல்லோரும் பாய்ந்தார்கள். கதாநாயகன் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்து முழங்கைவரை தின்றான். பக்கத்தில் பனிக்காக மூட்டை மூட்டையாகப் பஞ்சைக் கொட்டி வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பள்ளத்திலிருந்து காற்று ஏறியது.

பஞ்சு பறந்தது. பறந்தது எல்லாம் பலாப்பாலில் ஒட்டியது. கை, மீசை, புருவம், காமிரா. கதாநாயகன் பொய்முடியைத் தள்ளிவிடக் கையை உயர்த்தினான். முடி கையோடு வந்துவிட்டது. டைரக்டர் 'கட்' சொல்ல வாயைத் திறந்தார்; உதட்டில் காஷ்மீர் பெய்திருந்தது. பானைத் தண்ணீரை ஊற்றிக் கழுவினார்கள். பிசின் இன்னும் இறுகியது.

"ஏம்மா, இது எதுல போவும்?"

"எண்ணெ போட்டாப் போவும்."

"இருக்கா?"

"கீது." முத்தம்மா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து எட்ட நின்றாள். "நீங்க நிக்கிற மலைக்குப் பேரு இன்னா சார்?"

"காஷ்—" என்றார் டைரக்டர், பழக்கதோஷத்தில். கிண்ணம் பின்வாங்கியது.

"ஜவ்வாது மலைம்மா! ஜவ்வாது மலை!"

"ஊரு?"

"புதூர்நாடு!"

"இந்த மரத்த வெட்டுவீங்களா?"

டைரக்டர் மரத்தைப் பார்த்தார். பஞ்சுக் கைகளைப் பார்த்தார். "மாட்டோம்மா."

அதற்குப் பிறகுதான் அவர் கையில் எண்ணெய் விழுந்தது. மற்றவர்களும் வரிசையில் நின்று மலை பெயரைச் சொன்னார்கள். மொட்டைத் தலையோடு நின்ற கதாநாயகனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எண்ணெய் வாங்கித் துடைத்துக்கொண்டு, காமிராமேனிடம் "ஓட விடுய்யா" என்றான். காமிராவைப் பார்த்துச் சொன்னான்: "இது ஜவ்வாது மலை. புதூர்நாடு. இந்த மரம் முத்தம்மாவோடது. இதைவிட இனிப்பா நான் எதையும் தின்னதில்லை."

பெண்கள் விதைப்புப் பாட்டை மறுபடி எடுத்தார்கள். எல்லா வார்த்தைகளோடும்.

* பலாப்பழம் அறுக்கும் முன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அன்று எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் மறந்துபோனது.

6

முத்தம்மா இதைத் திட்டமிட்டுத்தான் செய்தாளா? தசரதனைத் துருவிக் கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும்? பழம் அறுக்கறதுக்கு மின்னாடியே எங் கையில மட்டும் எண்ணெ ஊத்திட்டுப் போனாங்க" என்றார்.

7

முடிவு.

(அ) படம் வெளிவந்து, திருப்பத்தூர்க் கொட்டகையில் கதாநாயகன் மலை பெயரைச் சொன்னதும் விசில்— பொய். வெளிவரவில்லை என்று முன்பே உளறிவிட்டேன்.

(ஆ) அந்தப் பிலிம் சுருள் எங்கோ ஒரு பெட்டியில் இன்னமும்— இப்படி முடித்தால் நீங்கள் பெருமூச்சு விடுவீர்கள். எனக்குப் பெருமூச்சு பிடிக்காது.

உண்மையில் மிச்சமிருப்பது வேறு. எல்லோர் கையும் சுத்தமாகி, சாமான்கள் ஜீப்பில் ஏறிய பிறகும் ஓர் ஆள் மட்டும் பஞ்சுக் கையோடு நின்றான். சடையன். தொப்பியும் தலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஜவ்வாது மலை" என்றான் தானாகவே. "புதூர்நாடு."

"அது அவங்க சொல்ல வேண்டியது" என்றாள் முத்தம்மா. கிண்ணம் இடுப்பிலேயே இருந்தது. "நீ இங்கியே பொறந்தவன். நீ வேற சொல்லணும்."

சடையன் மரத்தை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். ஏதோ சொன்னான்.

என்ன சொன்னான் என்பது தசரதன் காதில் விழவில்லை. ஜீப்பைக் கிளப்பிவிட்டார். நான் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். எதற்கும் அவள் மசியவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள். ஒன்று மட்டும் ஞாபகமிருக்கட்டும்: அவள் லேசுப்பட்டவள் இல்லை.

சடையன் சொன்னான்: "..................................................."

முத்தம்மா கிண்ணத்தை நீட்டினாள்.