கல்யாண எக்ஸ்பிரஸோ

விஜிக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது. பத்து நாளுக்கு முன்னால் மேனேஜர் ஸ்ரீநாத் அவளுடைய கவுன்ட்டருக்கு வந்து, "மேலிடத்துல எஸ்பிரெஸ்ஸோ ட்ரிங்க்ஸ் கேக்கறாங்க விஜிம்மா. உங்களால முடியுமா?" என்றார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னாளா?

"இன்னா சார், எக்ஸ்பிரஸோ தெரியாதா? கல்யாணத்துக்குக் கல்யாணம் குடிக்கிறதுதான!"

"அப்போ அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ட்ரையல். பிடிச்சா கவுன்ட்டர் உங்களுக்கே. இல்லன்னா வெளியாளுக்குக் குடுத்துடுவோம்" என்று சொல்லிவிட்டு அவர் லிஃப்ட் ஏறிப் போய்விட்டார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் இரண்டாவது மாடியில் இருந்தது அந்தக் கவுன்ட்டர். நாலடி நீளம், ஒரு அடுப்பு, ஒரு ஃபிளாஸ்க், பிஸ்கட் பாட்டில்கள் நாலு. பார்க்கிறவனுக்கு அவ்வளவுதான். விஜிக்கு அது மூச்சு. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே மூச்சு. அதற்கு முன்னால் அதே மாடியில் பாத்ரூம் கழுவிக்கொண்டிருந்தவள் அவள். ஆசிட் நெடியில் இழுப்பு வந்து இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்றாவது முறை வந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பழைய மேனேஜர் நல்ல மனிதர், டீ போடும் வேலையைக் கொடுத்தார். ஐந்து வருடமாக இழுப்பு எட்டிப் பார்க்கவில்லை. கவுன்ட்டர் போனால் அவளுக்குத் தெரிந்த இன்னொரு வேலை மாப்பும் ஆசிட் பாட்டிலும்தான்.

அதனால்தான் சீட்டு எடுத்து மெஷின் வாங்கினாள். திருவேற்காட்டில் கல்யாண மண்டபங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் நாகப்பனிடம் ஒன்று இருந்தது. பளபளவென்று நிற்கும் எவர்சில்வர் பாய்லர், மேலே முள் ஆடும் மீட்டர், பக்கத்தில் நீராவி சீறும் குழாய். ஷேர் வேன் ஓட்டும் அவள் புருஷன் உதயகுமார் அதை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, இரண்டு மாடி முக்கி முனகித் தூக்கி வைத்தான்.

ட்ரையலுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை காலை, முதல் கப்பை வர்ஷாவுக்குக் கொடுத்தாள். வர்ஷா சேலத்துப் பெண், மூன்றாவது டேபிளில் வேலை பார்க்கிறவள், கண்டதும் அக்கா என்று சிரிப்பவள். நுரை ததும்ப, மேலே சாக்லேட் பவுடர் தூவிய கப்பை வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"சூப்பரா இருக்குக்கா. எங்க சித்தி பொண்ணு ரிசப்ஷன்ல குடிச்ச மாதிரியே இருக்கு. ஆனா..."

"ஆனா இன்னாமா?"

"இது எஸ்பிரெஸ்ஸோ இல்லக்கா."

விஜி சிரித்தாள். வர்ஷா சிரிக்கவில்லை. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். குட்டிக் கப், அதில் கருப்பாக ஏதோ ஒன்று, மேலே வெளுத்த பழுப்பில் ஒரு ஏடு.

"பால் எங்க?"

"பால் கிடையாதுக்கா. அதுதான் எஸ்பிரெஸ்ஸோ. அதுல பால் சேத்தா வேற வேற பேரு."

"இம்மாத்தூண்டா? கொழந்திக்கு மருந்து ஊத்துற மூடியாட்டம் கீது!"

"கல்யாணத்துல தர்றதுக்கு நாமளா வெச்சுக்கிட்ட பேருக்கா அது. ஸ்ரீநாத் சார் பெங்களூர்ல இருந்து வந்தவரு. அவரு கேக்கறது இதைத்தான்."

விஜிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பாய்லர் பின்னால் நின்று புஸ்ஸென்று சீறியது. எட்டி உதைக்கலாம் போல இருந்தது அவளுக்கு.

பதினொன்றரை டீயை முடித்துவிட்டுப் புருஷனை வரச் சொன்னாள். எஸ்டேட் ரோட்டிலேயே ஓட்டல் சாமான் விற்கும் ஒரு பெரிய கடை இருந்தது. உள்ளே ஏசி. செருப்பை வெளியே விடுவதா போட்டுக்கொண்டு போவதா என்று உதயகுமார் வாசலில் தயங்கினான். விஜி அவனைத் தள்ளிக்கொண்டு போனாள். கவுன்ட்டரில் இருந்த பெண்ணின் பெயர் சிம்ரன். வடக்கத்தி முகம், ஆனால் ஆவடி ராணுவக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள்.

"இன்னாக்கா வேணும்?" என்று அவள் கேட்டதும் விஜிக்குப் பாதி உயிர் வந்தது.

"நாளைக்கு நாலு மணிக்குள்ள எனக்கு எஸ்பிரெஸ்ஸோ தெரியணும்மா. இல்லாங்காட்டி நான் செத்தேன்."

சிம்ரன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்திருக்க வேண்டும். எழுந்து வந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். முதலில் அடுப்பில் வைக்கும் ஒரு அலுமினியக் கெண்டி. கீழே தண்ணீர், நடுவில் தூள், கொதித்தால் டிகாக்ஷன் மேலே ஏறும். நம் ஃபில்டரைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி. காபி ஸ்ட்ராங்காக வரும், ஆனால் மேலே அந்த ஏடு கட்டாது, தெரிந்தவன் கண்டுபிடித்துவிடுவான். அடுத்தது பொட்டலத்தைச் செருகிப் பட்டனைத் தட்டும் மெஷின். பொட்டலம் ஆன்லைனில்தான் கிடைக்கும், தீர்ந்த அன்றைக்குக் கடையை மூட வேண்டியதுதான். மூன்றாவது, கொட்டையைப் போட்டால் அரைத்து, வடித்து, பாலும் கலந்து கொடுத்துவிடும். அதன் விலையைக் கேட்ட உதயகுமார், "அந்த வெலிக்கு என் வேனையே மாத்திடலாம்" என்று நகர்ந்துகொண்டான்.

கடைசியாக மூலையில் ஒரு சின்ன மெஷின். கைப்பிடி வைத்த வடிகட்டியில் தூளைப் போட்டு, அழுத்தி, திருகி மாட்டுவது. கடையில் செய்து காட்டப் புழங்கிய பீஸ் என்பதால் விலை குறைவு.

"பெட்டி மேல ப்ரஷர் பதினஞ்சு பார், இருபது பார்னு பெருசா போட்டிருப்பான்கா, அதப் பாத்து ஏமாறாத. ஒம்போது போதும். மெஷின்ல மிச்சம் புடிச்சி, அரைக்கிற மெஷின்ல காசு போடு. தூள் சரியா இல்லன்னா எந்த மெஷினும் வேலைக்காவாது."

"நாப்பது பேரு ஒரே நேரத்துல வந்து நின்னா?"

"இது தாங்காதுக்கா. பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு ரெண்டு கப்பாத்தான் வரும். நாளைக்கு ட்ரையலுக்கு இது போதும்."

கல்யாண பாய்லரை நாகப்பன் திரும்ப எடுத்துக்கொண்டார். "கைமாறிப் போன சாமான் நைனா" என்று உதயகுமாரிடம் இழுத்து, பாதிக்கும் கீழே ஒரு விலை வைத்தார். நின்று பேரம் பேச நேரம் இல்லை. வாங்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். விஜியின் காதில் கிடந்ததும் அன்று மத்தியானம் அடகுக்குப் போயிற்று. அந்தக் காசில் சின்ன மெஷினும் ஒரு அரைக்கிற மெஷினும் வந்தன.

சாயங்காலம் வெள்ளானூர் வீட்டில், ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினை மாட்டினாள். முதல் கோணல், வீட்டில் இருந்த சிக்கரி போட்ட ஃபில்டர் தூளைப் போட்டது. மெஷின் உறுமியதே தவிர ஒரு சொட்டு இறங்கவில்லை. சிம்ரனுக்குப் போன் போட்டால், சிக்கரி அடைத்துக்கொள்ளும் என்று அவள் அலறினாள். சுத்தமான கொட்டையை வாங்கி வந்து அரைத்துப் போட்டபின் தேன் மாதிரி இழுத்துக்கொண்டு இறங்கியது. அப்போதாவது சும்மா இருந்தாளா? அந்தத் தூளை வீணாக்க மனமில்லாமல், வீட்டுப் பழக்கத்தில், அதன்மேலேயே இன்னொரு முறை தண்ணீரை விட்டு இரண்டாம் டிகாக்ஷன் எடுத்தாள். உதயகுமார் ஒரு வாய் வைத்துவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினான்.

"இன்னாடி இது, சாக்குத் துணிய ஊற வெச்ச தண்ணியாட்டம் கீது!"

விஜி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு வராதுய்யா. எனக்கு இதெல்லாம் வராது. மறுபடியும் அந்த ஆசிட்ட மோந்துகினு சாவ வேண்டியதுதான்."

உதயகுமாருக்குச் சமாதானம் சொல்ல வராது. பழைய தூளைத் தட்டிக் கொட்டி, வடிகட்டியைக் கழுவி அவள் கையில் கொடுத்தான்.

அவளுக்குப் புரிந்த வழியில் அவள் புரிந்துகொண்டாள். ஒரு அட்டையைக் கிழித்து ஸ்கெட்ச் பேனாவால் எழுதினாள். எஸ்பிரெஸ்ஸோ என்றால் வெறும் டிகாக்ஷன், இருபத்தைந்து எண்ணுவதற்குள் இறங்க வேண்டும், சீக்கிரம் இறங்கினால் புளிக்கும், நின்று இறங்கினால் கசக்கும். அமெரிக்கானோ, அதே டிகாக்ஷனில் வெந்நீர். கப்புச்சினோ, டிகாக்ஷன், பால், மேலே கெட்டி நுரை. லாட்டே, பால் ஜாஸ்தி, நுரை கொஞ்சம், பல் போனவர்களுக்கு ஏற்றது. மக்கியாட்டோவுக்கு டிகாக்ஷன் மேல் ஒரு கரண்டி நுரை, திருஷ்டிப் பொட்டு மாதிரி. எஸ்பிரெஸ்ஸோ என்ற வார்த்தைதான் கையில் வரவில்லை. இரண்டு ஸ் வருமா மூன்றா என்று போனில் வர்ஷாவைக் கேட்டு, அட்டையின் பின்பக்கம் முழுக்க எழுதிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஸ்ரீநாத் வந்தார். பின்னாலேயே டீக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. வர்ஷாவும் நின்றிருந்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த மெஷினில் விஜி கைப்பிடியைத் திருகி மாட்டி எண்ண ஆரம்பித்தாள். இருபத்தி நாலு, இருபத்தி அஞ்சு, நிறுத்தினாள். மேலே ஏடு கட்டி நின்றது.

ஸ்ரீநாத் குட்டிக் கப்பை எடுத்து மெல்லக் குடித்தார். புருவம் ஏறியது. அடுத்து கப்புச்சினோ, அடுத்து லாட்டே, அடுத்து அமெரிக்கானோ. ஒன்றையும் பாதியில் வைக்கவில்லை. மீசையில் ஒட்டிய நுரையைத் துடைத்துக்கொண்டு, "ஃபர்ஸ்ட் கிளாஸ் விஜிம்மா. நான் எதிர்பார்க்கவே இல்ல" என்றார். வர்ஷா கை தட்டினாள். விஜிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு நிமிடம், அந்த ஒரே ஒரு நிமிடம், அவள் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள்.

"ஆனா ஒண்ணு" என்றார் ஸ்ரீநாத், கப்பைப் பார்த்துக்கொண்டே. "எல்லா பிராஞ்சுக்கும் சேர்த்து பெங்களூர்லயே ஒரு கம்பெனிக்குக் குடுத்துட்டாங்க. போன வாரமே கையெழுத்து ஆயிடுச்சு. திங்கக்கிழமை மெஷின் வருது. அவங்க ஆள் அவங்களே போட்டுக்குவாங்க. உங்களுக்கு ஹவுஸ்கீப்பிங்ல இடம் இருக்கு, நான் சொல்லி வெச்சிருக்கேன்."

விஜிக்குச் சட்டென்று விளங்கவில்லை. "போன வாரமேவா?"

"ஆமா. ரெண்டு பேர்கிட்ட ட்ரையல் பார்த்தோம்னு ஃபைல்ல காட்டணும். அதான்."

"அப்போ எதுக்கு சார் குடிச்சீங்க?"

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். ஸ்ரீநாத் காலி கப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"விஜிம்மா, இது என் கையில இல்ல..."

"எனக்கு லெட்டர் வேணும் சார்."

"என்ன லெட்டர்?"

"நான் போட்டது நல்லா கீதுன்னு. பக்கத்து பில்டிங்லயும் கவுன்ட்டர் வெச்சிகினு கீறாங்க. வெறுங்கையோட போனா என் மூஞ்சியப் பாத்துட்டு தொடப்பத்தத்தான் குடுப்பாங்க."

"சரி, மண்டே மெயில் போடச் சொல்றேன்."

"இப்ப சார். தமிழ்ல."

"தமிழ்லயா? எதுக்கு?"

"இங்கிலீஷ்ல நீங்க இன்னா எழுதினாலும் நான் தலையாட்டிகினு வாங்கிக்குவேன் சார். இன்னா எழுதிக்கீதுன்னு எனக்குத் தெரியணும்."

அவர் நேரத்தைப் பார்த்துவிட்டு நகரப் பார்த்தார். விஜி கவுன்ட்டரை விட்டு வெளியே வந்து அவர் வழியில் நின்றாள். அந்த மாடியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யார் வந்தாலும் ஓரமாக ஒதுங்கி நின்றே பழகியவள். மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆனால் நகரவில்லை. "நான் ஆசிட் மோந்தா செத்துடுவேன் சார்" என்றாள், அழுதுகொண்டே. வர்ஷா ஓடிப்போய்ப் பிரின்டரிலிருந்து கம்பெனி பெயர் போட்ட ஒரு தாளை எடுத்து வந்து கவுன்ட்டர் மேல் வைத்தாள். "எழுதிக் குடுங்க சார்" என்றாள். கூட்டத்தில் இன்னும் இரண்டு குரல்கள் அதையே சொன்னன.

ஸ்ரீநாத் உட்கார்ந்தார். தமிழ் எழுதிப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும், எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. 'இவர் டீ காபி நன்றாக' என்று எழுதியபோது விஜி விரலை வைத்து நிறுத்தினாள்.

"டீ காபி வேணாம் சார். அது எல்லாரும் போடுவாங்க. எஸ்பிரெஸ்ஸோன்னு எழுதுங்க."

அவர் அதை அடித்தார். 'எ' போட்டார். அதற்குமேல் பேனா நகரவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

விஜி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூச்சைப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "ஸ் போடுங்க சார், மேல புள்ளி. அப்புறம் பி. அப்புறம் ரெ, கொம்பு முன்னால வரும். இன்னொரு ஸ், அதுக்கும் புள்ளி. கடைசில ஸோ."

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்.

"கையெழுத்துப் போட்டு சீல் குத்துங்க சார்" என்றாள். "திங்கக்கிழமை காலையில நான் பக்கத்து பில்டிங்குக்குப் போவணும்."