காயாத சட்டை

அந்தப் படைநகரில் ஒருவன் எந்தச் சட்டையோடு கொலை செய்கிறானோ அந்தச் சட்டை அதன்பிறகு காயாது. போர்முனையில் சுட்டவர்களின் சட்டைகள் மற்ற துணிகளைப் போலவே மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஊருக்குள் ஓர் உயிரை எடுத்திருந்தால் மட்டும் கோடை வெயிலிலும் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒருவன் எரித்துப் பார்த்தான், தீதான் அணைந்தது. இன்னொருவன் தோட்டத்தில் புதைத்தான். வாரக் கடைசிக்குள் அங்கே குட்டை தேங்கி, அடுத்த வீட்டு வாத்துகள் நீந்தத் தொடங்கின. வாத்தைத் தேடி வந்தவர்களின் பின்னாலேயே போலீசும் வந்தது.

படைவீரர்களின் துணியெல்லாம் பெரியக்காவின் சலவைக்கூடத்துக்குத்தான் வரும். அவருடைய அப்பா காலத்தில் ஆண்டுக்கு ஒரு சட்டை சொட்டும், மிஞ்சிப்போனால் இரண்டு. எல்லைச் சண்டை முடிந்து படை திரும்பிய ஆண்டில் துணிக்கொடி முழுக்கச் சொட்டியது. மனைவியை அடித்துக் கொன்றவன், சீட்டாட்டத்தில் கூட்டாளியைக் குத்தியவன் என்று ஒருவன் சட்டையை இன்னொருவன் சட்டை இடித்துக்கொண்டு தொங்கியது. குற்றங்கள் குறைந்துவிட்டதாகத் தளபதி மேடையில் முழங்கிய அன்று, கூட்டம் கொடியிலிருந்து வழிந்த தண்ணீரில் ஈரக்காலோடு நின்று கைதட்டியது. பிறகு சாராயக்கடைகளை மூடினார்கள், விடுப்பில் போகிறவனின் துப்பாக்கியை வாங்கிப் பூட்டினார்கள். பிடிபட்டவர்களின் சட்டைகள் அவரவர் வீட்டுக்குப் போயின; புதிதாகச் சொட்டுபவை குறைய, கொடியும் மெல்ல மெல்ல உலர்ந்தது. இத்தனை ஏற்ற இறக்கத்திலும் பெரியக்காவின் குடும்பம் ஒரு சட்டையைக்கூட மறைத்ததில்லை. காலையில் வரும் இன்ஸ்பெக்டர், சொட்டும் சட்டையின் காலரைத் திருப்பிச் சிவப்பு நூலால் தைத்த குறியைப் பார்ப்பார். குறிக்குரியவனைத் தேடிப் போவார். அந்தக் குறியை யாரும் சந்தேகித்ததில்லை. பெரியக்கா தெருவில் தலைநிமிர்ந்து நடந்தது அதனால்தான்.

சைக்கிள் கடைக்காரர் குத்துப்பட்டு இறந்த வாரம் ஒரு சட்டை சொட்டியது. காலரில் லாரி ஓட்டும் சிப்பாய் ஒருவனின் குறி இருந்தது. பெரியக்கா அதைக் கையில் எடுத்தார். மூன்றாவது பொத்தான் இரட்டை முடிச்சில் நின்றது. ஆயுதக்கிடங்கில் காவல் பார்க்கும் தன் மகனுக்குப் போன வாரம் அவரே தைத்துக் கொடுத்த பொத்தான் அது.

குறி தைக்கும் வேலை அவருடைய தம்பிக்கு. கூப்பிட்டார்.

“யாருடா இதுல குறியை மாத்தினது?”

“நான்தான்க்கா. நம்ம புள்ளையாச்சே! அந்த டிரைவருக்கு அழக்கூட ஆள் கிடையாது. குடும்ப மானம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“அது அவன் கத்தியை எடுத்தப்பவே பாதி போச்சு. மீதியை நீ கொண்டுபோய்த் தொலைச்சிட்டு வந்து நிக்கிற. கத்தரிக்கோலை எடு.”

டிரைவரின் குறியைப் பிரித்துவிட்டு மகனின் குறியைத் தன் கையாலேயே தைத்தார். மகன் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“வாய்த்தகராறுதாம்மா. கை மீறிடுச்சு. வாசல்ல வேணாமே, பின்பக்கமாவது போடேன்.”

“ஊரான் புள்ளைங்க சட்டையெல்லாம் தெருவைப் பாத்துத்தானே தொங்குச்சு? தொரைக்கு மட்டும் திரை கட்டணுமா? உக்காந்து சாப்பிடு. இன்ஸ்பெக்டர் வர நேரமாச்சு.”

அவன் சாப்பிட்டான். இன்ஸ்பெக்டர் வந்தார், காலரைத் திருப்பினார், பெரியக்காவின் முகத்தைப் பார்க்காமல் மகனை அழைத்துப்போனார். அன்று சாயங்காலம் அந்த டிரைவர் வந்து துணி வாங்கினான். ஒரு காலுறையைக் காணோம் என்று அரைமணி நேரம் சண்டை போட்டுவிட்டுப் போனான்.

சட்டை வாசல் கொடியிலேயே சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு வாளியை வைத்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் செடிகளுக்கு அந்தத் தண்ணீரை எடுத்துப்போனார்கள். சைக்கிள் கடைக்காரரின் மனைவி மட்டும் எடுக்கவில்லை; போகும்போதெல்லாம் நிமிர்ந்து, சட்டை தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். தளபதிகள் மாறினார்கள், இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்றார், பெரியக்காவின் நடை மட்டும் வளையவில்லை.

தண்டனை முடிந்து நரைத்த தலையோடு மகன் திரும்பினான். வீட்டுக்குள் போக அந்தச் சட்டையைக் கடந்துதான் ஆகவேண்டும். குனிந்தும் பயனில்லை, தலை நனைந்தது.

“தலையைத் துவட்டு, சளி பிடிக்கும்” என்று பெரியக்கா துண்டை நீட்டினார்.

வாளி நிரம்பியிருந்தது. அவனே தூக்கிப்போய்க் கொட்டிவிட்டு வந்து, மறுபடி சட்டைக்கு நேர்கீழாக வைத்தான்.